ரயில்வே ஊர்களும் கூடைப்பந்தும்



சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர் மின்வண்டியில் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பேசின் பாலத்தையும் வியாசர்பாடியையும் கடந்த பிறகு, அடுத்தடுத்து மூன்று நிலையங்கள் பெரம்பூர் என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றன. முதலாவது, பெரம்பூர். இரண்டாவது, பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ். மூன்றாவது, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். நம் நாட்டில் ஊர்களுக்குக் கோயிலால் பெயர் வருவதுண்டு. ஏரியால், மரத்தால் பெயர் வருவதுண்டு. இங்கோ நிலையங்களுக்குத் தொழிலால் பெயர் வந்திருக்கிறது. ஓரிடத்தில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிறார்கள். மற்றோரிடத்தில் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார்கள். அதற்கும் அப்பால், வில்லிவாக்கத்தை எட்டுமுன், புதிய ரயில் பெட்டிகளையே உருவாக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்று பரந்து கிடக்கிறது. அதனை ஐ.சி.எஃப். என்று எல்லாரும் அழைக்கிறார்கள்.

இத்தகைய ஊரில் சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் செல்கிறார்கள். மறுபடி சங்கு ஊதியதும் வெளியே வருகிறார்கள். இவ்விரண்டு சங்குகளுக்கும் இடையில் நடப்பதைத் தொழில் வரலாறு எழுதி வைக்கிறது. மாலைச் சங்குக்குப் பிறகு நடப்பதை யார் எழுதி வைக்கிறார்கள்? ஓய்ந்த வேளையில் உழைப்பாளி எங்கே போனான், யாரோடு கூடினான், எதில் மகிழ்ந்தான் என்பதும் வரலாறுதானே? அந்த வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கூடைப்பந்து என்னும் ஆட்டம் ரயில்வே ஊர்களை எவ்வாறு வந்தடைந்தது, அங்கே எவ்வாறு வளர்ந்தது என்பதே என் பேச்சு. பெரம்பூரில் தொடங்கி, ருஷ்ய நாட்டின் ரயில்வேச் சந்திப்பு ஒன்று வரை சென்று, மீண்டும் பெரம்பூருக்கே திரும்புவோம். வழியில் ஒரு கேள்வி நம்மோடு துணையாக வரும். ஓர் ஆட்டக் குழு யாருக்குச் சொந்தம்? அதற்குப் பணம் கொடுப்பவர்க்கா, அதில் ஆடுபவர்க்கா, அல்லது அதைத் தம்முடையது என்று எண்ணிக் கைதட்டும் ஊராருக்கா?

கூடைப்பந்தின் பிறப்பு நாம் திட்டமாக அறிந்த ஒன்று. பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஆதி தெரியாது. சடுகுடுவை முதன்முதல் ஆடியவர் யார் என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் கூடைப்பந்துக்குப் பிறந்த மாதமும் உண்டு, பெற்ற தந்தையும் உண்டு. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரம். அங்கே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பணி செய்துவந்தார். கடுங்குளிர் காலத்தில் மாணவர்கள் வெளியே ஆட முடியாது. உள்ளே செய்யும் உடற்பயிற்சியோ அவர்களுக்குச் சலித்துவிட்டது. கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்று வேண்டும். அது முரட்டுத்தனம் இல்லாததாகவும் இருக்க வேண்டும்.

நெய்ஸ்மித் என்ன செய்தார்? பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில், எதிரெதிராக மாட்டினார். 13 விதிகளை வகுத்தார். தம் வகுப்பிலிருந்த 18 மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கால்பந்தைக் கையில் கொடுத்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்பது முக்கியமான விதி. ஓடுபவனைத்தானே பிறர் இடித்துத் தள்ளுகிறார்கள்? ஓட்டத்தைத் தடுத்தால் இடியும் குறையும். இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்தினால், பந்தை வேகமாக அடிப்பதால் பயன் இல்லை. குறி பார்த்து மென்மையாக எறிய வேண்டும். ஆக, வலிமையைக் காட்டிலும் கணக்கும் நிதானமும் வெல்லும் ஆட்டமாக அது அமைந்தது. இன்றும் அந்த வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். மீட்டர் அளவில் 3.05. ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். கட்சிக்கு 5 பேர்.

இந்த அளவுகளை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பெரிய மைதானம் வேண்டும். கூடைப்பந்துக்கோ இரண்டு வீட்டு மனையளவு சமதரை போதும். இரண்டு கம்பங்களும் ஒரு பந்தும் போதும். இட நெருக்கடி மிகுந்த தொழிற்பகுதிகளில் இந்த ஆட்டம் எளிதில் கால் ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பிரிங்பீல்டிலிருந்து இந்த ஆட்டம் உலகெங்கும் சென்றது. அதைச் சுமந்து சென்றவர்கள் பெரும்பாலும் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தினரே. முதல் ஆட்டத்தில் ஆடியவர்களுள் ஒருவரான டங்கன் பாட்டன் 1894ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்கு இதனைக் கொணர்ந்தார் என்பர். சென்னையில் இதற்கு உறுதியான அடித்தளம் இட்டவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். அவர் 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் அது சிறப்புடன் நடந்து வருகிறது. அங்கே பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் நாட்டின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியபோது, கூடைப்பந்தும் அவர்களோடு சென்றது. 1934ஆம் ஆண்டு புதுதில்லியில் முதலாவது தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடைபெற்றது. 1950ஆம் ஆண்டு இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது.

ருஷ்யாவுக்கு இந்த ஆட்டம் சென்ற வழியும் இதைப் போன்றதே. 1906ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 'மாயாக்' என்ற சங்கத்தினர் அதனை ஆடத் தொடங்கினர். மாயாக் என்றால் கலங்கரை விளக்கம். அதுவும் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைத் தழுவி எழுந்த சங்கமே. பனி உறையும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் வெயில் எரிக்கும் சென்னைக்கும் ஒரே இயக்கம் ஒரே பந்தைக் கொண்டு கொடுத்தது. ஆனால் அதன் பிறகு அந்தப் பந்து யார் கைக்குப் போயிற்று என்பதில்தான் கதையே இருக்கிறது. இரண்டு நாடுகளிலும் அது ரயில்வேக்காரர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

முதலில் நம் நாட்டைப் பார்ப்போம். இருப்புப் பாதை என்பது ஊர்களை இணைக்கும் வழி மட்டுமன்று. அது ஒரு பெரிய குடும்பம். ஒரு நிலையத்தில் பிறந்த பிள்ளை வேறு நிலையத்தில் படிக்கும். மூன்றாவது நிலையத்தில் வேலைக்குச் சேரும். அந்தக் குடும்பத்துக்கென்று மருத்துவமனை உண்டு, பள்ளி உண்டு, குடியிருப்பு உண்டு, மன்றம் உண்டு. 1928ஆம் ஆண்டிலேயே இந்திய ரயில்வேக்கெனத் தனியாக விளையாட்டுச் சங்கம் ஏற்பட்டது. இன்று ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் விளங்குவது அதன் தொடர்ச்சியே.

விடுதலைக்குப் பிறகு பெரம்பூருக்குப் புதிய பெருமை வந்தது. ரயில் பெட்டிகளை நாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிச் அருகே ஷ்லீரன் என்னுமிடத்திலிருந்த கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு தொழிற்சாலை எழுந்தது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதனைத் தொடங்கிவைத்தார். அன்று முதல் 60,000த்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் அங்கிருந்து புறப்பட்டிருக்கின்றன. 2018ஆம் ஆண்டு அங்கே உருவான விரைவு வண்டிதான், 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'வந்தே பாரத்' என்ற பெயரோடு தில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது.

தொழிற்சாலையோடு குடியிருப்புகளும் வந்தன. குடியிருப்புகளோடு ஆடுகளங்களும் வந்தன. ஐ.சி.எஃப். அணி என்ற பெயர் தமிழ்நாட்டுக் கூடைப்பந்துப் போட்டிகளைப் பார்த்துவருவோர்க்கு நன்கு பழக்கமானது. தென்னக ரயில்வே அணியும் அப்படியே. இவற்றோடு இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், இந்தியன் பாங்க், சுங்க இலாகா, வருமான வரி இலாகா முதலியவற்றின் அணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் கூடைப்பந்து வரலாற்றில் பெரும் பகுதி இப்படி அலுவலகங்களின் பெயரால் ஆன வரலாறே.

இந்த ஏற்பாடு எவ்வாறு நடக்கிறது? பள்ளியிலோ கல்லூரியிலோ சிறப்பாக ஆடும் ஓர் இளைஞனை, அல்லது ஓர் இளம்பெண்ணை, ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. எழுத்தராகவோ, தொழில்நுட்ப ஊழியராகவோ, பயணச்சீட்டுப் பரிசோதகராகவோ பதவி கிடைக்கும். பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவார்கள். போட்டிக்குச் செல்ல விடுப்பு அளிப்பார்கள். அகில இந்திய ரயில்வேப் போட்டியில் ஒவ்வொரு மண்டலமும் தன் அணியை அனுப்பும்; ஐ.சி.எஃப். போன்ற உற்பத்திச் சாலைகளும் அனுப்பும். அங்கே சிறந்து விளங்குவோரைப் பொறுக்கி எடுத்து இந்திய ரயில்வே அணியை அமைப்பார்கள். தேசியப் போட்டியில் அந்த அணி ஒரு மாநிலத்தைப் போலவே தனித்துக் களம் இறங்கும்.

இதில் ஒரு விந்தை உண்டு. பெரம்பூரில் பிறந்து, பெரம்பூரிலேயே பந்தெறியக் கற்று, பெரம்பூரிலேயே வேலை பார்க்கும் ஒருவர், தேசியப் போட்டியில் தமிழ்நாட்டு அணிக்கு எதிராக நின்று ஆட நேரலாம்! ஊர் ஒரு புறம், உத்தியோகம் மறு புறம். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் தேசியப் போட்டி நடந்தபோது, ஆடவர் பிரிவில் தமிழ்நாடும் பெண்கள் பிரிவில் இந்திய ரயில்வேயும் வாகை சூடின. இந்த இரண்டு வெற்றிகளில் எது நம்முடையது? மாநிலத்தின் வெற்றிக்கு நாம் கைதட்டுகிறோம். ரயில்வேயின் வெற்றியோ செய்தித்தாளில் ஒரு வரியாகக் கடந்து போகிறது. ஆனால் அந்த ரயில்வேயில்தான் நம் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நாம் நினைப்பதில்லை.

இனி ருஷ்யாவுக்குச் செல்வோம். சோவியத் ஆட்சியில் ஆட்டக் கழகங்கள் தொழிலின் பெயராலேயே அமைந்தன. ராணுவத்துக்கு ஒரு கழகம். அதுவே மாஸ்கோவின் புகழ்பெற்ற சி.எஸ்.கே.ஏ. காவல் துறையைச் சார்ந்தது டைனமோ. 1936ஆம் ஆண்டு ரயில்வேத் தொழிலாளருக்கென ஒரு விளையாட்டுச் சங்கம் அமைத்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'லோகோமோட்டிவ்'. அதாவது ரயில் எஞ்சின். பெரம்பூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதே இல்லை. அவர்கள் ஊரில் ஒரு நிலையத்தின் பெயரிலேயே அந்தச் சொல் குறுகி நிற்கிறது.

அந்தச் சங்கத்தின் வழியில், 1946ஆம் ஆண்டு, காகசஸ் மலைத் தொடரின் வடக்கேயுள்ள மினரல்னியே வோடி என்ற ஊரில் ஒரு கூடைப்பந்துக் குழு தோன்றியது. உலகப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊரின் பெயருக்குக் கனிம நீர்கள் என்று பொருள். ஆனால் நோய் தீர்க்கும் ஊற்றுகள் அந்த ஊரில் இல்லை. பியாத்திகோர்ஸ்க், கிஸ்லோவோத்ஸ்க் முதலிய பக்கத்து ஊர்களில் இருக்கின்றன. அங்கே செல்வோர் வண்டி மாறும் சந்திப்பு இது. பிறருக்கு வழி காட்டும் ஊர்; பிறர் இறங்கி ஏறிப் போய்விடும் ஊர். அந்தச் சிறிய ஊருக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு குழு கிடைத்தது.

நெடுங்காலம் அக்குழு பெரும்புகழ் எதையும் அடையவில்லை. மாஸ்கோவின் ராணுவக் கழகமும் வேறு பெரிய நகரங்களின் கழகங்களும் முன்னணியில் நின்றன. அக்காலத்துச் சோவியத் ஆட்டக்காரர்கள் உலகின் தலைசிறந்தவர்கள். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அவர்கள் அமெரிக்காவை 51க்கு 50 என்று ஒரே புள்ளியில் வென்றனர். ஏட்டில் அவர்கள் ராணுவ வீரர், தொழிலாளி, மாணவர் என்றுதான் இருந்தார்கள். ஆனால் நாள் முழுதும் அவர்களுக்குப் பயிற்சியே வேலை. நம் ஊர் ரயில்வே ஆட்டக்காரரின் நிலைக்கும் அவர்களின் நிலைக்கும் ஓர் ஒற்றுமை இருப்பதை நீங்கள் உணர்வீர்கள்.

இந்த இரு நாடுகளும் களத்தில் நேருக்கு நேர் நின்ற நாளும் ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தன. அதனால் இந்தியக் கூடைப்பந்து அணிக்கு இடம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் நம் கூடைப்பந்து அணி ஆடியது அந்த ஒரு முறைதான். சோவியத் அணியோடு ஆடி 121க்கு 65 என்று தோற்றோம். ஆடிய 7 ஆட்டங்களிலும் தோற்று 12ஆம் இடம் பெற்றோம். தோல்வியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்த மண்ணில் ஆடிய சோவியத் அணிக்கும் அந்த முறை தங்கம் கிட்டவில்லை. யுகோஸ்லாவியா தங்கமும் இத்தாலி வெள்ளியும் பெற, சோவியத் நாடு வெண்கலத்தோடு நின்றது.

1991ஆம் ஆண்டு சோவியத் கூட்டரசு கலைந்தது. பழைய ஏற்பாடுகள் எல்லாம் குலைந்தன. தொழில்களின் பெயரால் வாழ்ந்த கழகங்கள் தாமே பணம் தேடிப் பிழைக்க வேண்டியவை ஆயின. வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள், ஒப்பந்தம் எழுதினார்கள், சந்தையில் இறங்கினார்கள். லோகோமோட்டிவ் கழகமும் தொழில்முறைக் கழகமாக மாறியது. ஆனால் ரயில்வேயின் கை அதனை விடவில்லை. அந்த ஆதரவு தொடர்ந்தது.

2002ஆம் ஆண்டு அதன் வாழ்வில் மறக்க முடியாத ஆண்டு. ஐரோப்பாவில் கோராச் கோப்பை என்ற போட்டி 1972 முதல் நடந்துவந்தது. விபத்தில் இளமையிலேயே இறந்த யுகோஸ்லாவிய ஆட்டக்காரர் ஒருவரின் நினைவாக ஏற்பட்ட போட்டி அது. அதன் கடைசி ஆண்டில், மினரல்னியே வோடிக் குழு இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது! எதிரி, பிரான்சு நாட்டின் நான்சி நகரக் குழு. இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி வெற்றியை முடிவு செய்வார்கள். முதல் ஆட்டத்தில் நான்சி 98, லோகோமோட்டிவ் 72. வேறுபாடு 26. எல்லாம் முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் ரயில்வேக் குழு சீறி எழுந்தது. லோகோமோட்டிவ் 95, நான்சி 74. வென்றது 21 புள்ளியில். கூட்டிப் பார்த்தால் 172க்கு 167. ஐந்தே ஐந்து புள்ளிகளில் கோப்பை கை நழுவியது. மாணவர்களே, முதல் நாளில் அலட்சியமாக விட்ட இரண்டு மூன்று எறிதல்கள் இரண்டாம் நாளில் எவ்வளவு பாரமாகிவிட்டன என்று எண்ணிப் பாருங்கள். தேர்விலும் வாழ்விலும் நடப்பது இதுவே.

ஆனால் அந்தத் தோல்வியைவிடப் பெரிய இழப்பு அந்த ஊருக்குக் காத்திருந்தது. ஊர் சிறிது, கழகத்தின் ஆசை பெரிது. அடுத்த ஆண்டே, 2003இல், கழகம் டான் நதிக்கரையிலுள்ள ரஸ்தோவ் நகருக்குக் குடிபெயர்ந்தது. வட காகசஸ் ரயில்வேயின் தலைமையிடம் அதுவே. 2009ஆம் ஆண்டு அங்கிருந்தும் கிளம்பி, கூபான் நதிக்கரையிலுள்ள கிராஸ்னோதார் நகரை அடைந்தது. பெயரும் லோகோமோட்டிவ் கூபான் ஆயிற்று. புதிய ஊரில் புகழ் தேடி வந்தது. 2013ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டின் ஷார்லெருவா நகரில் நடந்த யூரோகோப்பை இறுதி ஆட்டத்தில், ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ குழுவை 75க்கு 64 என்று வென்று வாகை சூடியது. 2016ஆம் ஆண்டு ஐரோப்பாவின் தலையாய போட்டியான யூரோலீகில், பெர்லின் நகரில் நடந்த இறுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பெற்றது. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் மூண்டதும் ருஷ்யக் கழகங்களை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து நீக்கி வைத்தார்கள்; அந்த வாயிலும் அடைபட்டது.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். 2013ஆம் ஆண்டு கோப்பையை வென்றது யார்? கழகத்தின் ஏட்டில் 1946 என்ற ஆண்டு இருக்கிறது; பெயரில் எஞ்சின் இருக்கிறது. ஆனால் 1946இல் அதனைப் பெற்றெடுத்த ஊர் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? தொழில்முறைக் கழகத்தின் வலிமையும் குறையும் இதுதான். பணம் இருக்குமிடத்துக்கு அது நகரும். நகர்ந்ததால்தான் அது ஐரோப்பாவை வென்றது. நகராமல் இருந்திருந்தால் சிறிய ஊரின் சிறிய குழுவாகவே நின்றிருக்கலாம். ஆனால் வண்டி புறப்பட்ட பிறகு மேடையில் நிற்பவர்களுக்குப் புகைதானே மிச்சம்?

பெரம்பூரின் ஏற்பாடு இதற்கு நேர் மாறானது. ஐ.சி.எஃப். அணி வேறு ஊருக்குப் போகாது. தொழிற்சாலை இருக்கும் வரை அணியும் இருக்கும். ஆட்டக்காரருக்கு ஓய்வு பெறும் வயது வரை வேலை உண்டு. முழங்கால் முறிந்தால் வாழ்க்கை முறியாது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன், பந்தை நம்பிப் பத்து ஆண்டு செலவழிக்கலாமா என்று தயங்கும்போது, 'செலவழிக்கலாம்' என்று அவன் தாய் தந்தையர் துணிந்து சொல்வதற்கு இந்த வேலைதான் காரணம். இது சிறிய உதவி அன்று.

சான்று காட்டச் சென்னையைத் தாண்ட வேண்டியதில்லை. கேரளத்தின் சங்கனாச்சேரியில் பிறந்த கீது அன்னா ஜோஸ் தென்னக ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றார். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்துக்கு ஆடினார். 2011ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கழகங்களின் தேர்வுக்கு அழைக்கப்பட்டுச் சென்று வந்தார். 2014ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. அவரோடு ஆடிய சென்னைப் பெண் அனிதா பால்துரை, அவரும் தென்னக ரயில்வே ஊழியரே. இளம் வயதிலேயே இந்திய அணியின் தலைவியானார். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி ஆடினார். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ரயில்வே வேலை என்ற நிழல் இல்லாதிருந்தால், இத்தனை ஆண்டுகள் வெயிலில் நின்று ஆட இயன்றிருக்குமா?

எனினும் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வேலை உறுதியானதும் வேட்கை தணிந்துவிடும் அபாயம் உண்டு. இருபத்திரண்டு வயதில் உத்தியோகம் கிடைத்ததும், 'இனி எதற்கு ஓட வேண்டும்?' என்று எண்ணத் தொடங்கினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அடுத்து, ஆட்டக்காரரை ஆதரிக்கும் நிறுவனமே ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டால், அணியும் மெலியும். பெரம்பூர் இதனை வேறு வகையில் அறிந்த ஊர். பக்கிங்ஹாம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் அங்கே எழுந்தன. 1918இல் அவற்றின் தொழிலாளரை முன்னிட்டுத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணை நின்றார்கள். அந்தப் பெரிய ஆலை 1996இல் மூடப்பட்டது. ஓர் ஆலை மூடப்படும்போது கூலி மட்டுமா நிற்கிறது? அதைச் சுற்றி நடந்த மாலை வேளைகளும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. ஆகவே ஒரே தூணை நம்பிக் கூரை வேய்வதில் ஆபத்து உண்டு.

மற்றொரு தூணை நடுவதற்கும் நம் நாட்டில் முயன்றார்கள். 2015ஆம் ஆண்டு ஒரு தொழில்முறைப் போட்டித் தொடர் தோன்றியது. சென்னை ஸ்லாம் என்ற குழுவும் அதில் ஆடியது. சில பருவங்களோடு 2017இல் அது நின்றுவிட்டது. பின்னர் இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக் தொடங்கியது. அதன் முதற் பருவத்தில், 2023இல், சென்னை ஹீட் குழு முதலிடம் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் கழகம் என்பது ஒரு பருவத்தில் முளைத்து மறு பருவத்தில் பட்டுப்போகும் பயிராக இருந்தால், ஊரார் அதனைத் தம்முடையது என்று எண்ண நேரம் ஏது? லோகோமோட்டிவ் கழகம் முதல் ஐரோப்பியக் கோப்பையைத் தொட 67 ஆண்டுகள் ஆயின என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் விடை என்ன? பணம் கொடுப்பவர் வேண்டும். அவரின்றிக் காலணி கூட வாங்க முடியாது. ஆடுபவர் வேண்டும், அவரின்றி ஆட்டமே இல்லை. ஆனால் இந்த இருவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டக்காரர் ஓய்வு பெறுவார். அதிகாரி மாற்றலாகிப் போவார். கம்பெனி கை மாறும். மாறாமல் இருப்பவர்கள் களத்தின் ஓரத்தில் நிற்கும் ஊரார் மட்டுமே. மினரல்னியே வோடியிலிருந்து கழகம் போய்விட்டது. ஆனால் அந்த ஊரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பந்தெறியச் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தால், அங்கே இன்னொரு 1946 தொடங்க முடியும்.

மாணவ மாணவியரே! உங்கள் பள்ளியின் பின்புறம் வளையம் துருப்பிடித்த கூடைப்பந்துக் கம்பம் ஒன்று இருக்கலாம். அதனை நிறுவியவர் யார், அங்கே முதலில் கற்பித்த ஆசிரியர் யார், அங்கிருந்து சென்று மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர் யார் என்று விசாரித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் வடசென்னையில் வாழ்பவர்களானால், உங்கள் தெருவிலேயே ரயில்வேக்காக ஆடி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் சென்று, 'ஐயா, அந்தக் காலத்தில் எப்படி ஆடினீர்கள்?' என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் பல வரலாறுகள் வீட்டுத் திண்ணையோடு முடிந்துவிடுகின்றன. கேட்டு எழுதிய பிறகு, அவரிடமே ஒரு பந்தைக் கொடுத்து, அந்தத் துருப்பிடித்த வளையத்தில் எறியச் சொல்லுங்கள். கை மறந்திருக்காது.

பெரம்பூரில் மாலைச் சங்கு ஊதிய பின் எங்கோ ஒரு களத்தில் பந்து தரையில் தட்டும் ஓசை கேட்கிறது. அந்த ஓசை தொழிற்சாலைக்கும் சொந்தம், ஆடுகிறவனுக்கும் சொந்தம். ஆனால் அதைக் கேட்டு நின்று பார்க்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறானே, அவனுக்குத்தான் அது எல்லாரையும் விட அதிகமாகச் சொந்தம். அவன் உள்ளே வந்து ஆடுவதற்குக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே மற்ற அனைவரின் கடமை.